வாடைக்கும் ஓடும் படகுகள்

ஐப்பசி முடியும் தறுவாயில் யாழ்ப்பாணத் தீவுகளில் காற்றுத் திரும்பிவிடும். வைகாசி தொட்டுத் தென்மேற்கிலிருந்து அடித்த சோளகம் புரட்டாதியோடு களைத்துப்போக, சில கிழமைகள் கடல் அசையாமல் கிடக்கும். அதன் பின் வடகிழக்கிலிருந்து வாடை இறங்கும். மழையும் அதோடுதான் வரும். எங்கள் ஊர்களின் ஓராண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் பெய்து முடிந்துவிடும். தை கடைசியிலோ மாசியிலோ வாடை தளரும்வரை, ஊர்காவற்றுறைத் துறையிலும் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலும் விடியப்புறம் வந்து நிற்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இண்டைக்கு ஓடுமோ?"

ஒரு காலத்தில் இந்தக் கேள்வி ஏழு தீவுச் சனத்துக்கும் பொதுவாக இருந்தது. பண்ணைத் தாம்போதி வேலணைத் தீவையும், பொன்னாலைத் தாம்போதி காரைநகரையும், வாணர் தாம்போதி புங்குடுதீவையும் தரையோடு இணைத்தன. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு என்ற நான்குக்கும் அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. கேட்பவர்கள் தொகை குறைந்ததால் அந்தக் கேள்வி நகரத்துக் காதுகளில் விழுவதும் குறைந்துவிட்டது. அந்த நான்கு தீவாரும் மாரியில் எப்படிப் போய்வந்தார்கள், இப்போது எப்படிப் போய்வருகிறார்கள் என்பதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

ஊர்காவற்றுறையிலிருந்து தொடங்குவதே முறை. அது வாடைக்கென்றே அமைந்த துறை. வடக்கே காரைநகர், தெற்கே வேலணைத் தீவு, நடுவில் ஒடுங்கிய நீர். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை எல்லாம் வாடையை நேரே வாங்கும் திறந்த கரைகள். கார்த்திகை மார்கழியில் பெரிய மரக்கலம் ஒன்று அங்கே நங்கூரம் போட்டு நிற்க முடியாது. ஆகவே வடகரைக் கப்பல்கள் வாடை பிறக்க முன்னரே ஊர்காவற்றுறைக்கு வந்துவிடும். பனை மரமும் புகையிலையும் ஏற்றி, நெல்லும் அரிசியும் ஓடும் இறக்கிய கப்பல்கள் அவை. அவற்றின் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்த வல்வெட்டித்துறை அன்னபூரணி. அத்தனை பெருங்கடல்களைத் தாண்டத் தெரிந்த ஊரின் கலங்களும் வாடை மாதங்களில் ஊர்காவற்றுறையில் ஒதுங்கி நின்றன. அதை அக்கலங்களை ஓட்டிய தண்டையல்மார் தங்கள் தொழிலின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார்கள்.

ஒதுங்கி நின்ற மாதங்கள் வேலை நிறைந்த மாதங்கள். பாயை இறக்கிப் பொத்தல் தைப்பார்கள். கயிறு முறுக்குவார்கள். பலகை மூட்டுகளுக்குள் பஞ்சுத் திரியை அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றும் கலப்பத்து வேலை நடக்கும். கலப்பத்துச் சரியாக நடந்த கலம் அடுத்த வாடை வரை தாங்கும். நடக்காத கலத்தில் போகிறவன் பயணம் முழுக்கத் தண்ணீர் இறைத்துக்கொண்டே போகவேண்டும். சின்ன வத்தைக்காரனும் இதே ஒழுங்கில்தான் இருந்தான். கடல் அசையாமல் கிடக்கும் புரட்டாதிக் கிழமைகளில் வத்தையைக் கரையேற்றிக் கவிழ்த்து, மூட்டுப் பார்த்து, மீன் நெய் பூசி, வாடைக்கு ஆயத்தமாக்கி வைப்பான். காற்றுத் திரும்பும் நாள் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்ததை வைத்து அவன் ஆண்டை வகுத்துக்கொண்டான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததன் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

இத்துறையில் அரசுகள் கண்வைத்ததும் நேற்று இன்றல்ல. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வெட்டுவித்தவன் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. பிற நாட்டு வணிகர் ஊராத்துறைக்கே வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறைதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதிலுள்ள உடைந்த கப்பல் பற்றிய விதி. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றி வந்த கப்பலானால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. எண்ணூறு ஆண்டுக்கு முன்பே இந்தக் கடலில் கப்பல் உடையும் என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டது. உடைந்தபின் என்ன செய்வது என்பதை முன்கூட்டி வகுத்து, வருகிறவர்கள் எல்லாரும் அறியக் கல்லிலும் வெட்டிவைத்தது.

யானை வணிகம் பிறகும் நூற்றாண்டுகளுக்குத் தொடர்ந்தது. வன்னியில் பிடித்த யானைகளைப் போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் இத்துறையில்தான் ஏற்றினார்கள். ஊர்காவற்றுறைக்கு வழங்கும் கயிற்ஸ் என்ற பெயரே துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. துறை நீரின் நடுவில் போர்த்துக்கேயர் கட்டிய சிறு கோட்டையை 1658-இல் ஒல்லாந்தர் பிடித்து ஹமன்கீல் என்று பெயரிட்டார்கள். அது பின்னர் சிறையாக இருந்தது. இன்று கடற்படை நடத்தும் விடுதி. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயரைத் தீவுகளுக்கும் இட்டார்கள். வேலணை லைடன் ஆனது, நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைநகர் ஆம்ஸ்டர்டாம். மற்றவை மறைந்தும், நெடுந்தீவு மட்டும் டெல்ஃப்ட் என்ற பெயரை இன்றும் அரசாங்கக் கடிதங்களில் சுமக்கிறது.

இனிச் சனம் போய்வந்த கதை. வாடையில் நெடுந்தீவிலிருந்து கிழக்கே வருவதுதான் கடினம். நெடுந்தீவு மற்றத் தீவுகளுக்குத் தென்மேற்கே தள்ளிக் கிடக்கிறது. அங்கே போகும்போது வாடை பின்னால் நின்று தள்ளும். பாய் நிறைந்த வத்தை அலையோடு ஏறி இறங்கி விரைவாகப் போய்விடும். திரும்பும்போது காற்றும் அலையும் அணியத்தில் நேரே அடிக்கும். பாயை ஒரு பக்கம் திருப்பி ஓடி, மறுபக்கம் திருப்பி ஓடி, இரண்டு மடங்கு தூரம் கடலில் அலைந்தால்தான் புங்குடுதீவுக் கரை கிட்டும். முடியாவிட்டால் இடையில் நயினாதீவில் ஒதுங்கி, காற்று முறியும்வரை உறவினர் வீட்டிலோ கோயில் மடத்திலோ தங்குவார்கள். ஒரு வழக்குத் தவணைக்காக ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்குப் புறப்பட்டவர் முந்தின நாளே வந்து படுத்திருப்பார். பரவைக் கடலில் பாய் உதவாது. அங்கே மரக்கோல் ஊன்றித் தாங்கிப் போகவேண்டும். முழங்காலளவு தண்ணீரில் கூதற்காற்று முகத்தில் அடிக்க, தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு கோல் ஊன்றிய கைகளால்தான் யாழ்ப்பாணத்துக்கு மீனும் வைக்கோலும் போயின.

வத்தையில் பெண்கள் நடுவில் இருப்பார்கள், குழந்தைகளை மடியில் படங்கால் மூடி வைத்துக்கொண்டு. ஆண்கள் தண்ணீர் இறைப்பார்கள். அலை கூடினால் நாகபூசணி அம்மனைக் கூப்பிடுவார்கள், அந்தோனியாரைக் கூப்பிடுவார்கள். இரண்டு பேரையும் ஒரே மூச்சில் கூப்பிடும் வத்தைகளும் இருந்தன.

போகவே முடியாத நாட்களுக்கும் வீடுகள் ஆயத்தமாக இருந்தன. ஒடியலும் புழுக்கொடியலும் கோடையிலேயே காய்ந்து பெட்டிக்குள் போய்விடும். பனாட்டு ஓலைப்பாயில் மடிந்திருக்கும். கருவாடு தூங்கும். விறகு தாழ்வாரத்தில் அடுக்கியிருக்கும். அடைமழையில் பத்து நாள் படகு ஓடாவிட்டால் ஒடியற் கூழ் காய்ச்சிக் குடிக்கலாம். அந்தச் சேமிப்பால் சமாளிக்க முடியாதது ஒன்று இருந்தது: நோய். பிள்ளைப்பேறு சிக்கலானாலும், பாம்பு கடித்தாலும், குழந்தைக்குக் காய்ச்சல் மூளைக்கு ஏறினாலும், வாடை அடித்தால் அடித்ததுதான். அந்தக் காலத்தை அழகாக மட்டும் நினைக்கிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. மாரியில் இறந்த தாய்மாரும் பிள்ளைகளும் தீவுகளின் ஒவ்வொரு குடும்பத்துப் பேச்சிலும் வருவார்கள்.

இயந்திரம் வந்தபின் காற்றின் பிடி தளர்ந்தது. 1950களிலும் 1960களிலும் மோட்டார் வள்ளங்கள் பெருகின. 1960களின் பிற்பகுதியில் நோர்வேக்காரரின் உதவியோடு காரைநகரில் சீநோர் நிறுவனம் தொடங்கி, கண்ணாடி இழையில் படகு கட்டியது. மரத்துக்குக் கலப்பத்துப் பார்த்த கைகளின் பிள்ளைகள் இழையும் பசையும் பூசப் பழகினார்கள். நெடுந்தீவுக்குக் குமுதினி என்ற மோட்டார் படகு ஓடத் தொடங்கியது. நயினாதீவுக்கு மர லோஞ்சுகள் முறை வைத்து ஓடின. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் சனத்தையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவை ஓடியது. எங்கள் நாட்டில் அதைப் "பாதை" என்பார்கள். பண்ணை வழியாகச் சுற்றினால் பஸ்ஸில் நெடுநேரம் பிடிக்கும் பயணத்தைப் பாதை சில நிமிடத்தில் முடித்துவிடும். வாடை நாளிலும் அந்த ஒடுங்கிய நீரில் பாதை பெரும்பாலும் ஓடும். இயற்கை கொடுத்த மறைப்பு அங்கே இன்றும் வேலை செய்கிறது.

இயந்திரம் வந்தும் பெரும் புயல்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. 1964 மார்கழியில் இலங்கையின் வடக்கைக் கடந்து போன புயல் தனுஷ்கோடியைக் கடலுக்குள் இழுத்தது. 2008 கார்த்திகையில் நிஷா யாழ்ப்பாணத்தை மழையில் மூழ்கடித்தது. 2020-இல் புரேவி. இவற்றின்போது நான்கு தீவுகளும் தனித்துப்போவது வழமை.

ஆனால் தீவுக் கடலில் நடந்த மிகக் கொடிய சாவுகள் வாடைக் காலத்தில் நடக்கவில்லை. 1985 மே 15. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் காலையில் புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள், பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். ஏறியவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். பெண்களும் கைக்குழந்தையும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நெடுந்தீவில் நினைவுகூருகிறார்கள். கடல் அன்று எந்தக் குற்றமும் செய்யவில்லை. குமுதினியைத் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள். அதே படகில், அதே பலகைகளில் இருந்து, அந்தச் சனம் பல பத்தாண்டுகள் பயணம் செய்தது. வேறு படகு இருக்கவில்லை. இதை எழுதும்போது இப்போதும் என் நெஞ்சு அடைக்கிறது.

1990, 1991 இராணுவ நடவடிக்கைகளோடு தீவுகள் பெரும்பாலும் வெறுமையாகின. ஊர்காவற்றுறைத் துறை கடற்படைக்குள் போனது. பாதை நின்றது. தோணிகள் ஒதுங்கி நின்ற நீரில் பீரங்கிப் படகுகள் நின்றன. சனம் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனது. புங்குடுதீவிலும் வேலணையிலும் கூரை இல்லாத கல்வீடுகளுக்குள் இன்றும் ஆலமரம் வளர்கிறது. கலப்பத்துத் தெரிந்த மேத்திரிமாரும், மேகத்தின் அடியைப் பார்த்துக் காற்றைச் சொன்ன கிழவர்களும் இந்த இடப்பெயர்வுக்குள்தான் கரைந்துபோனார்கள். புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்கள் கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் கட்டிக் கொடுத்தன. படகு கட்டும் அறிவை அவர்களால் அனுப்ப முடியவில்லை.

போர் முடிந்தபின் பாதை மறுபடி ஓடியது. நயினாதீவுக்குத் தென்னிலங்கையிலிருந்து நாகதீப விகாரைக்கு வரும் சனமும் சேர்ந்ததால், விடுமுறை நாட்களில் குறிகட்டுவான் துறை நிரம்பி வழியத் தொடங்கியது. நெடுந்தீவுக்கு வடதாரகையும், 2017-இல் அவுஸ்திரேலிய அரசின் உதவியோடு வடமாகாண சபை கட்டுவித்த நெடுந்தாரகையும் வந்தன. நெடுந்தாரகை மூடிய அறையும் இருக்கைகளும் உயிர்காப்பு அங்கிகளும் கொண்ட படகு. குமுதினியின் பலகையில் நனைந்து வந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அவர்களைக் கேட்டால்தான் தெரியும். அனலைதீவு, எழுவைதீவுப் படகுகள் ஊர்காவற்றுறைக் கண்ணகை அம்மன் இறங்குதுறையிலிருந்து போகின்றன.

இன்றைய மார்கழி விடியல் குறிகட்டுவானில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து 776 இலக்க பஸ் இருட்டோடு வந்து நிற்கும். முதலில் இறங்குபவர்கள் நெடுந்தீவுப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும் ஆசிரியர்கள். தோளில் ஒரு பை, கையில் சாப்பாட்டுப் பெட்டி, மழையங்கி. அடுத்து, கிளினிக்குக்கு வந்து திரும்பும் முதியவர்கள். பிறகு அரிசி மூட்டை, சோடாப் பெட்டி, கோழித்தீன், எரிவாயுச் சிலிண்டர், சீமெந்து. தீவில் மின்சாரத்தை உண்டாக்கும் டீசலும் கடலால்தான் போகவேண்டும். அலை துறைமேடையில் மோதித் தெறிக்கும். படகு ஒரு முழம் ஏறி ஒரு முழம் இறங்க, கட்டுக் கயிறு கிறீச்சிடும். மேலே வரும் தருணம் பார்த்துத்தான் கால் வைக்கவேண்டும். இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள்.

"கவனம் அம்மா, காலை இப்ப வையுங்கோ, இப்ப!"

"மெதுவாத் தம்பி, இடுப்பு முறிஞ்சுபோம்."

"நான் பிடிச்சிருக்கிறன் அம்மா, பயப்பிடாதேங்கோ."

இந்த உரையாடல் மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுபோலவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

காற்றைச் சொல்வது இப்போது வளிமண்டலவியல் திணைக்களம். முந்தின மாலையே கைத்தொலைபேசியில் எச்சரிக்கை வந்துவிடும். நாளை சேவை இல்லை என்ற செய்தி கனடாவில் இருக்கும் மகனுக்கும் நெடுந்தீவில் இருக்கும் தாய்க்கும் ஒரே நிமிடத்தில் போய்ச் சேரும். உயிர்காப்பு அங்கி போடாமல் ஏறவிடமாட்டார்கள். நெடுந்தீவில் நோயாளிக்கு நிலைமை மோசமானால் கடற்படைப் படகோ விமானப்படை ஹெலிகொப்டரோ வரும். அன்று மாரியில் கைவிட்ட உயிர்களை இன்று காப்பாற்ற முடிகிறது. இந்த மாற்றத்தை நான் தயங்காமல் வரவேற்கிறேன். வத்தைக் காலம் திரும்பி வரவேண்டும் என்று தீவில் யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் ஒரு குறை தீரவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது. படகுகள் பழுதாவது வாடையில்தான். சோளகம் முழுவதும் ஓடிக் களைத்த இயந்திரமும், தேய்ந்த சுக்கானும், ஓட்டை விழுந்த அடிப்பாகமும் கார்த்திகையில் முதற் பெரிய அலையில் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகு படகைத் திருத்தத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். கேள்விப்பத்திரம், ஒதுக்கீடு, உதிரிப்பாகம் என்று கிழமைகள் போகும். சனத்துக்கு அதிகம் தேவைப்படும் மாதத்தில் ஒரு படகு குறையும். மிஞ்சிய படகில் அளவுக்கு மேல் ஆள் ஏறும், அல்லது ஆள் கரையில் நிற்கும். ஆசிரியர் போகாத நாளில் பள்ளிக்கூடம் நடக்காது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு மாரியில் கிடைக்கும் பாடம் இவ்வளவுதான்.

பெரிய கப்பல்களும் வாடைக்கு வணங்கத்தான் செய்கின்றன. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 2023 அக்டோபர் 14 அன்று கப்பல் சேவை தொடங்கியபோது இரு கரையும் கொண்டாடின. பருவக்காற்றைக் காரணம் காட்டி ஒரு கிழமைக்குள் அதை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியது 2024 ஆகஸ்ட் 16. ஐப்பசி பிறக்கும் வேளையில் ஒரு கடற்சேவையைத் தொடங்குவதற்கு முன், கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த எவரையாவது கேட்டிருக்கலாம். உல்லாசப் பயணிக்குக் கப்பல் நின்றால் விமானம் இருக்கிறது. நெடுந்தீவாருக்கு அப்படி இரண்டாம் வழி எதுவும் இல்லை.

இங்கிலாந்தின் கால்வாய்களைப் பற்றி வாசித்தபோது எனக்கு எங்கள் படகுகளே நினைவுக்கு வந்தன. அங்கே ஏழு அடி அகல மதகுகளுக்குள் நுழைவதற்காக ஒடுங்கலாகக் கட்டிய படகுகள் நிலக்கரி ஏற்றின. குடும்பங்கள் அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தன. மாரியில் நீர் உறைந்தால் பனி உடைக்கும் படகு முன்னே போகும். 1962–63 கடுங்குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடக்க, ஏற்கெனவே தளர்ந்திருந்த அந்தச் சரக்குத் தொழில் பெரும்பாலும் முடிந்தது. இன்று அதே படகுகளில் அடுப்பு மூட்டிக்கொண்டு மாரியிலும் பயணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு, சிலருக்கு வீடு. கால்வாய்களைப் பார்த்துக்கொள்ளும் அறக்கட்டளை, மதகுகளைத் திருத்தும் வேலையை ஆள் நடமாட்டம் குறைந்த மாரி மாதங்களில் வைக்கிறது. எந்த மதகு எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை மூடியிருக்கும் என்று பல மாதங்களுக்கு முன்பே பட்டியல் வெளியிடுகிறது. இன்பப் படகுக்காரருக்கே அந்த அளவு மதிப்பு. எங்கள் தீவுகளில் பருவம் மறுபக்கமாக இருக்கிறது: திருத்த வேலைக்குரிய மாதம் புரட்டாதி, ஓடவேண்டிய மாதம் மார்கழி. இந்த ஒழுங்கை எந்த நாட்டிலிருந்தும் கற்க வேண்டியதில்லை. வத்தைக்காரன் செய்ததும் ஊர்காவற்றுறையில் தண்டையல்மார் செய்ததும் இதுதான். படகு அரசாங்கத்தின் கைக்குப் போனபோது அந்த ஒழுங்கு மட்டும் கூடப் போகவில்லை.

ஊர்காவற்றுறைத் துறையில் இப்போது பாய்மரம் எதுவும் இல்லை. மாலையில் ஹமன்கீல் விடுதியின் விளக்குகள் தண்ணீரில் தெரியும். கண்ணாடி இழைப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். நத்தார் நெருங்கினால் அனலைதீவு, எழுவைதீவிலிருந்து வந்து பொருள் வாங்கிக்கொண்டு திரும்பும் குடும்பங்கள் கண்ணகை அம்மன் துறையில் மழையில் நிற்கும். நிற்கும் இடத்துக்கு ஒழுங்கான கூரை வேண்டும். கூரைக்குக் கீழே நோயாளி படுக்க ஒரு வாங்கு வேண்டும். அலை தடுக்கும் கல்லணை வேண்டும். இவையெல்லாம் பெரிய பாலத்தின் செலவில் சிறு துளிதான்.

பாலம் வருமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் ஒரு நாள் வரலாம், வரவேண்டும். நெடுந்தீவுக்கு வராது. ஆழமும் தூரமும் அதற்கு விடா. ஆகவே அந்தத் தீவுக்கு வீதி என்றால் படகுதான். மழையில் ஒரு வீதி உடைந்தால் மறுநாளே வீதி அபிவிருத்தி அதிகார சபையின் லொறி வருகிறது. படகும் வீதி என்று கணக்கில் எழுதினால் அதற்கும் அந்த விரைவு கிடைக்கும்.

மாகாண சபைக்கும், பிரதேச செயலகங்களுக்கும், வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஆவணி பிறந்ததும் நான்கு தீவுகளின் பயணிகள் படகுகளை ஒவ்வொன்றாகக் கரையேற்றிச் சோதியுங்கள். எந்தப் படகு எந்த நாளில் திரும்பி வரும் என்பதை இறங்குதுறைப் பலகையில் எழுதி ஒட்டுங்கள். ஒரு மாற்றுப் படகை ஊர்காவற்றுறையில் மாரி முழுவதும் ஆயத்தமாகக் கட்டி வையுங்கள். புரட்டாதி முடிவதற்குள் இவை முடியட்டும்.